பழைய டிடிபி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் தேடலில் "கன்னியாகுமரி" ஏன் கிடைப்பதில்லை?

குழித்துறைக்காரி

அப்பா மார்த்தாண்டம் பக்கம் டிடிபி கடை வைத்திருந்தார். கடையை மூடியாச்சு. பழைய ஹார்ட் டிஸ்கும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிகளும் இப்போது என்னிடம். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் போகட்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதி, அப்பா தட்டச்சு செய்து கொடுத்த விளவங்கோடு தாலுகா வரலாறு அதில் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூடு பற்றியும், 1956 நவம்பர் 1 தமிழக இணைப்பு பற்றியும் அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவை. வில்லுப்பாட்டுக் கதைகளும் கொஞ்சம் உண்டு. இவற்றில் பெரும்பகுதி அச்சுக்கே போகவில்லை. எழுதியவர் இன்று இல்லை, கையெழுத்துப் பிரதியும் இல்லை. இந்தக் கோப்புகள்தான் மிச்சம்.

டெக்ஸ்ட், வேர்டு, பேஜ்மேக்கர் மூன்று வகையிலும் இருக்கின்றன. திறந்தால் சிலவற்றில் ஆங்கில எழுத்தாகவும், சிலவற்றில் விசித்திரக் குறிகளாகவும் தெரிகிறது. சில கோப்புகளில் மொத்தப் பக்கமும் ஒரே வரியாக ஓடுகிறது. ஒன்றிரண்டில் கேள்விக்குறி மட்டுமே இருக்கிறது.

ஒரு கோப்பை இணையத்தில் கிடைத்த மாற்றியில் போட்டுப் பார்த்தேன். திரையில் அழகாகத் தமிழ் வந்தது. ஆனால் அதற்குள் "கன்னியாகுமரி" என்று தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை. கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறது! எங்கிருந்து தொடங்கட்டும்?

வடசேரி அச்சு

மக்களே, முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். எந்தக் கோப்பையும் திறந்த கையோட சேமிச்சிடாதீங்க. "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம்னு சொல்லுங்க. டிஸ்கையும் சிடிகளையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து, நகலை மட்டும் தொடுங்க. சிடி வேறு பழசு. சிலது படிக்காமலே போகும். அந்த வேலையை இந்த வாரமே முடிச்சிடுங்க.

அடுத்தது, எந்த ஃபாண்டில் அடிச்சார்னு அப்பாகிட்ட கேளுங்க. இதுதான் சாவி. தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் தருகிற யூனிகோடு புழக்கத்துக்கு வருமுன், ஆங்கில எழுத்துக்கோ குறிக்கோ உரிய எண்ணில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைஞ்சு வைப்பாங்க. எந்த எண்ணில் எந்த வடிவம் என்பது ஃபாண்டுக்கு ஃபாண்டு மாறும். பாமினி ஒரு கணக்கு, வானவில் ஒரு கணக்கு, ஸ்ரீலிபி வேறு கணக்கு. வேர்டு கோப்பில் ஃபாண்டின் பெயர் கூடவே இருக்கும். வெறும் டெக்ஸ்டில் எண் மட்டும்தான் மிஞ்சும். அதனால் ஒரே கட்டுரை வேர்டிலும் டெக்ஸ்டிலும் இருந்தால் வேர்டைத்தான் எடுக்கணும். பேஜ்மேக்கர் திறக்கிற பழைய கம்ப்யூட்டர் கிடைச்சால், அதிலிருந்து ரிச் டெக்ஸ்டாக வெளியே எடுங்க. ஃபாண்டு பெயர் தப்பிப் பிழைக்கும்.

பெயரே தெரியாட்டாலும் கண்ணால் ஓரளவு பிடிச்சிடலாம். சாதாரண நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிஞ்சால் பெரும்பாலும் பாமினி வகை. "தமிழ்" என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருக்கும். முக்கால் என்ற பின்னக்குறியும் சென்ட் காசுக்குறியும் வரி முழுக்கத் தூவிக் கிடந்தால் திஸ்கி என்கிற இன்னொரு பழைய எண் வரிசை. திஸ்கியில் அந்த முக்கால்தான் "த", சென்ட் குறிதான் இகரக் கொம்பு. 1999-ல் தமிழக அரசு அறிவித்த டாப் வகையும் திஸ்கி மாதிரியே 128-க்கு மேலுள்ள எண்களில்தான் தமிழை வச்சிருக்கு, ஆனால் வரிசை வேறு. இந்த இரண்டிலும் ஆங்கிலம் ஆங்கிலமாகவே இருக்கும். பாமினியில் அப்படி இல்லை. நடுவே ஓர் ஆங்கிலப் பெயரோ முகவரியோ இருந்தால், மாற்றி அதையும் தமிழ்னு நினைச்சுக் குதறிப் போடும். வேர்டு கோப்பாக இருந்தால் ஃபாண்டு மாறுகிற இடத்தை வச்சுப் பிரிச்சிடலாம்.

தோவாளைத் தெரு

அண்ணாச்சி சொன்னதோடு சில சேர்க்கிறேன். நான் நிரல் எழுதும் வேலையில் இருப்பவன்.

ஒரே வரியாக ஓடுவது எழுத்துச் சிக்கலே அல்ல, வரி முடிவுச் சிக்கல். டாஸ், விண்டோஸ் கோப்புகளில் வரி முடிந்தால் 13, 10 என்று இரண்டு எண்கள். லினக்ஸிலும் இன்றைய மேக்கிலும் 10 மட்டும். மேக் ஓஎஸ் 9 வரைக்கும் 13 மட்டும். விண்டோஸ் நோட்பேடு 2018 வரை 13-10 ஜோடியைத்தான் வரி முடிவாக ஏற்றது. அச்சகத்து மேக்கில் அடித்ததை விண்டோஸில் திறந்தால் ஒரே வரியாக ஓடியது அதனால்தான். நோட்பேட்++ மாதிரி ஒன்றில் திறந்து வரி முடிவை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: யூடிஎஃப்-16 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) கோப்பில் பைட் அளவில் 13-ஐச் செருகும் பழைய கருவிகளை விடாதீர்கள். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட். நடுவே ஒன்று கூடினால் அதற்குப் பிறகு வரும் ஜோடிகள் எல்லாம் தப்பாகச் சேர்ந்து, தமிழ் இருந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத எழுத்துகள் வந்து நிற்கும்.

கேள்விக்குறிக் கோப்புகள் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. யூனிகோடுத் தமிழை யாரோ ஏஎன்எஸ்ஐ என்று, அதாவது தமிழுக்கு இடமில்லாத பழைய விண்டோஸ் வரிசையில், சேமித்திருக்கிறார்கள். இடம் இல்லாத எழுத்துக்கெல்லாம் 63 என்ற எண், அதாவது கேள்விக்குறி, எழுதப்பட்டுவிட்டது. "க"வும் 63, "ம"வும் 63. அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. வேறு சிடியில் முந்தைய நகல் இருக்கிறதா என்று தேடுவது ஒன்றே வழி. விசித்திரக் குறிகளாகத் தெரியும் கோப்பு பார்க்க எவ்வளவு கோரமாக இருந்தாலும் பத்திரமாக இருக்கிறது, அதற்குள் தகவல் போகவில்லை.

திஸ்கிக் கோப்புகளுக்கு லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளையே போதும். மூலம் திஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் இன்னொரு முறை) என்று கொடுத்தால் முடிந்தது. திஸ்கியில் "இ" இருக்கும் 173-ஆம் இடம் மேற்கத்திய எழுத்து வரிசையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. அதனால் திஸ்கி உரையை இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வெட்டி ஒட்டினால் சில இடங்களில் "இ" மட்டும் காணாமல் போயிருக்கும். ஒட்டாதீர்கள், கோப்பையே கொடுங்கள். பாமினிக்கும் டாப்புக்கும் என்எச்எம் கன்வெர்டர் இருக்கிறது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகமும் இருக்கிறது.

குழித்துறைக்காரி

நன்றி அண்ணாச்சி, நன்றி தோவாளை. எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன். இரண்டு சிடி படிக்கவே இல்லை. அப்பாவிடம் கேட்டேன், பெரும்பாலும் பாமினி, இடையில் கொஞ்ச காலம் திஸ்கி என்கிறார்.

வரலாற்றுக் கோப்பை மாற்றினேன். முதல் பத்தியிலேயே இப்படி வந்திருக்கிறது:

கன்னியாகுமாி
நாகா்கோவில்
மாா்த்தாண்டம்
திருவிதாங்கூா்
வடசோி
வௌியூா்
பொியவா்கள்
தோ்த் திருவிழா

என் கணினியில் "வடசோி"யில் மட்டும் ஏதோ புள்ளி வட்டம் தெரிகிறது. "கன்னியாகுமாி" கொஞ்சமும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மாற்றி தப்பா, அப்பா அடித்தது தப்பா?

வடசேரி அச்சு

என் ஊர்ப் பேரையே கொண்டு வந்துட்டீங்களே! அப்பா அடிச்சதில் தப்பே இல்லை. அச்சுக்கோர்ப்புக் காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. தனி "ர"வுக்கு அடியில் ஒரு சாய்கோடு உண்டு. "ரி", "ரீ", "ர்" மூன்றிலும் அந்தச் சாய்கோடு வராது. மேலே கொம்போ புள்ளியோ வச்ச வெறும் கால்தான். அதனால் அடிக்கிறவங்க துணைக்கால் விசையைத் தட்டி, மேலே கொம்பு போட்டிடுவாங்க. தாளில் எந்த வேறுபாடும் தெரியாது. படிக்கிற கண்ணுக்குக் "குமரி"தான். கம்ப்யூட்டருக்கு அது கா, மா-வில் வருகிற கால். பக்கத்தில் இன்னொரு உயிர்க்குறி.

நம்ம மாவட்டத்துக்கு இதில் அடி அதிகம். மாவட்டப் பெயரில் "ரி", தலைநகரில் "ர்", மார்த்தாண்டத்தில் "ர்", வடசேரியில் "ரி", திருவிதாங்கூரில் "ர்". வரலாறு எழுதினால் வரிக்கு வரி வருகிற பெயர்கள் இவைதானே? அத்தனையும் தேடலுக்கு அகப்படாமல் ஒளிஞ்சு கிடக்கும். அரசு அறிவிக்கைகளிலும் செய்திகளிலும் இன்னைக்கும் "கன்னியாகுமாி" தாராளமாகக் கிடைக்கும், தேடிப் பாருங்க.

"வடசோி" எப்படி வந்ததுன்னா, பழைய ஃபாண்டில் கொம்பு முன்னாலே, எழுத்து பின்னாலே, கால் அதுக்கும் பின்னாலே. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதல், குறி பிறகு. மாற்றி ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் எழுத்தின் பின்னால் நகர்த்தணும். "சே"யை அடுத்து ஒரு காலைப் பார்த்ததும் அது "சோ"ன்னு முடிவு பண்ணிடுச்சு. "பெரியவர்" "பொியவா்" ஆனதும் "தேர்" "தோ்" ஆனதும் இதே கதை. "வெளியூர்"லயும் அப்படித்தான். ஔகாரக் கொம்பின் வலது பாதியும் "ள"வும் அந்த ஃபாண்டில் ஒரே விசை. "வெ"க்குப் பக்கத்தில் அதைப் பார்த்தால் "வௌ"ன்னு சேர்த்திடும்.

குளச்சல் கரை

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். பார்க்க "கன்னியாகுமரி" மாதிரியே இருந்தால் போதாதா? புத்தகமாக அச்சிடுவதுதானே கடைசியில்? இத்தனை பாடு எதுக்கு?

பறக்கை டீச்சர்

தம்பி, போதாது. நான் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்களுடைய திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணைத்தான் வாசிக்கிறது. "மாா்த்தாண்டம்" என்று வந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஊர் கேட்காது. ஊர்ப்பெயர் அட்டவணை போட்டால் "மார்த்தாண்டம்" ஓரிடத்திலும் "மாா்த்தாண்டம்" இன்னோரிடத்திலும் நிற்கும். நாளைக்கு 1954 பற்றி ஆராய்ச்சி செய்ய வரும் மாணவி தேடலில் "புதுக்கடை"யைக் கண்டுபிடிப்பாள், "மார்த்தாண்டம்" வராது. அங்கே நடந்ததைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெரியவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியதற்கு இது நியாயமா? அச்சு நூல் நூறு பேருக்குப் போகும். இந்தக் கோப்பு சரியாக இருந்தால் எத்தனையோ பேருக்குப் போகும்.

தோவாளைத் தெரு

டீச்சர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பிழையைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டாம். முழுக்க விதியாலேயே திருத்தலாம்.

தமிழில் ஒரு மெய்க்கு ஓர் உயிர்க்குறிதான், அல்லது ஒரு புள்ளி. துணைக்காலுக்குப் பின்னால் இகரக் கொம்போ ஈகாரக் கொம்போ புள்ளியோ வரும் சொல் தமிழில் கிடையவே கிடையாது. ஆகவே கால்+இகரம் என்பதை "ரி", கால்+ஈகாரம் என்பதை "ரீ", கால்+புள்ளி என்பதை "ர்" என்று மொத்தமாக மாற்றலாம். நல்ல சொல் எதுவும் கெடாது.

"வடசோி"க்கும் "பொியவா்"க்கும் இன்னும் ஆறு விதி எழுத வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம். யூனிகோடில் "ொ" ஒரே குறியாகவும் இருக்கலாம், "ெ"யும் "ா"வும் இரண்டாகவும் இருக்கலாம். இரண்டும் சமம் என்பது தரத்திலேயே இருக்கிறது. "ோ", "ௌ" இரண்டுக்கும் அப்படியே. முதலில் கோப்பு முழுவதையும் பிரித்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்டி-க்கு, மாற்றுங்கள். அப்போது "சோி" என்பது ச, இரட்டைக்கொம்பு, கால், இகரக் கொம்பு என்று விரியும். கால்+இகரம் "ரி" ஆகிவிட்டால் "சேரி" தானாக நிற்கும். "பொி" "பெரி" ஆகும். "தோ்" "தேர்" ஆகும். அதே மூன்று விதிதான்.

"வௌி"க்கும் இதே வழி. பிரித்த வடிவத்தில் ஒற்றைக்கொம்புக்கு அடுத்து ஔகாரத்தின் வலப்பாதி தனியாக நிற்கும். அதற்குப் பின் இன்னொரு குறியோ புள்ளியோ வந்தால் அந்தப் பாதி "ள"தான். பின்னால் மெய் வந்தால் விட்டுவிடுங்கள், "கௌரவம்", "பௌர்ணமி", "வௌவால்" எல்லாம் பிழைத்துக்கொள்ளும். முடிந்ததும் சேர்த்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சி-க்கு, திருப்பிச் சேமியுங்கள். பைத்தானில் இது பத்து வரிக்குள் அடங்கும். எழுதித் தனிமடலில் அனுப்புகிறேன்.

குளச்சல் கரை

டீச்சர், விளங்கியது. அப்படியென்றால் எனக்கும் ஓர் உதவி வேணும். கரையில் பெரியவர்களிடம் கேட்டு மீன் பெயர்களும் காற்றின் பெயர்களும் ஃபோனில் குறித்து வைத்திருக்கிறேன். சாளை, அயிலை, நெத்திலி, வாளை, நெய்மீன் என்று பட்டியல் நீளுது. சிஎஸ்வி-யாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் டெக்ஸ்டாக எடுத்து எக்செலில் திறந்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று வரி முழுக்க வருது. ஒருத்தர் அதை அப்படியே சேமித்தும் விட்டார்.

தோவாளைத் தெரு

அந்த அடையாளமே நோயைச் சொல்லிவிடுகிறது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. "க" என்பது 224, 174, 149. இதை விண்டோஸின் 1252 வரிசையாகப் படித்தால் 224 சாய்கோட்டு ஏ, 174 வட்டத்து ஆர். கோப்பு நல்ல யூடிஎஃப்-8. எக்செல் அதைத் தப்பாகப் படிக்கிறது, அவ்வளவுதான். நேரே திறக்காமல் டேட்டா மெனுவில் "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியாகப் போய் 65001 (யூடிஎஃப்-8) என்ற வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளத்தோடு சேமித்தால் எக்செல் தானாகப் புரிந்துகொள்ளும்.

சேமித்துவிட்ட கோப்பு இரட்டைக் குறியாக்கம் ஆகியிருக்கும். 1252-ஆக எழுதி, யூடிஎஃப்-8ஆகத் திரும்பப் படித்தால் மீளும். ஆனால் கவனம்: 1252-இல் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்களுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 141, உகரக் குறியுடையது 129, "ஏ"வுடையது 143, "ஐ"யுடையது 144. சில நிரல்கள் இவற்றை அப்படியே கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்கியிருந்தால் "நெய்மீன்" திரும்பி வரும்போது புள்ளிகள் இருந்த இடமெல்லாம் உடைந்திருக்கும். ஃபோனில் மூலம் இருக்கிறதே, அதிலிருந்தே மறுபடி எடுங்கள்.

களியக்காவிளை

எங்கள் பக்கத்துக் கோப்புகளில் மலையாளமும் கலந்திருக்கும். கொல்லம் ஆண்டு போட்ட பழைய பத்திரங்களின் எழுத்துப்படி அவை. மலையாளத்திலும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு. சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்யைக் காட்டும் தனி வடிவங்கள்) தனி இடம் 2008-இல் யூனிகோடு 5.1இல்தான் வந்தது. அதற்கு முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றாக எழுதினார்கள். இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. என்எஃப்சி-யும் இவற்றை ஒன்றாக்காது, தனி விதி எழுதித்தான் மாற்ற வேண்டும். குழித்துறை அக்கா, உங்கள் கோப்பில் மலையாள வரிகள் இருந்தால் தமிழ் மாற்றியில் போடும் முன் தனியே எடுத்து வையுங்கள்.

பறக்கை டீச்சர்

இன்னொன்று. ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது யூனிகோடு எண் வரிசையை நம்ப வேண்டாம். அதில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று வரும். நம் நெடுங்கணக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. தமிழ் வரிசை தெரிந்த செயலியில் வரிசைப்படுத்துங்கள்.

மூலக் கோப்புகளை மாற்றம் முடிந்ததும் அழித்துவிடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். அழிக்காதே அம்மா. பைட் ஒன்றும் மாறாத மூலம் ஓர் அடைவில், மாற்றியது இன்னோர் அடைவில், பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு: எந்த ஃபாண்டு, எந்தக் கருவி, என்னென்ன விதி. இதைவிட நல்ல மாற்றி பிறகு வந்தால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

வடசேரி அச்சு

டீச்சர் சொன்னதுக்கு மேலே ஒண்ணே ஒண்ணு. வில்லுப்பாட்டு மாதிரி வட்டார வழக்கு நிறைய உள்ளதை மாற்றினபிறகு, எழுத்துப்பிழை திருத்தும் கருவி எதையும் ஓட்டாதீங்க. பாட்டுக்காரர் சொன்ன சொல்லைப் பிழைன்னு நினைச்சு அது மாற்றிப்போடும். ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் பார்க்க, அப்பாவோட உட்கார்ந்து ஒரு தடவை மெய்ப்பு பாருங்க. இரண்டு பக்க நோட்டீஸுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், புதுசா அடிச்சிடலாம்.

குழித்துறைக்காரி

தோவாளை அனுப்பிய நிரலை ஓட்டினேன். வரலாற்றுக் கோப்பில் "கன்னியாகுமரி", "மார்த்தாண்டம்", "வடசேரி" எல்லாம் தேடலில் வருகின்றன. "வெளியூர்" சரி, "பௌர்ணமி"யும் கெடவில்லை. அப்பா கூடவே உட்கார்ந்து பார்த்தார். மலையாள வரிகள் இரண்டு பக்கம் இருந்தன, தனியே எடுத்துவிட்டேன், களியக்காவிளைக்கு அனுப்புகிறேன். கேள்விக்குறிக் கோப்பு ஒன்றின் முந்தைய வடிவம் வேறொரு சிடியில் பாமினியில் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பழைய டெக்ஸ்ட் கோப்புகள் சிலவற்றின் கடைசியில் அம்புக்குறி மாதிரி ஒரு சின்ன எழுத்து நிற்கிறது. ஏதாவது எழுத்து விட்டுப்போனதா?

தோவாளைத் தெரு

இல்லை. அது 26 என்ற எண். டாஸ் காலத்து நிரல்கள் கோப்பு இத்தோடு முடிகிறது என்று சொல்ல வைத்தது. மாற்றிய நகலில் அதை எடுத்துவிடுங்கள், மூலத்தில் இருக்கட்டும். ஆனால் எடுக்கும் முன் அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு கோப்புகளை ஒன்றாக ஒட்டியிருந்தால் அந்த 26 நடுவிலும் நிற்கலாம், சில செயலிகள் அதைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிடும்.